பாதிப் பந்தல்

சாய்ந்தமருதில் கடலுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. ஜின்னுக்குப் பயப்படாதவர்களும் உண்டு. கத்தரிக்கோல் காக்காவுக்குப் பயப்படாத ஒரு செடிகூட எங்கள் ஊரில் இருந்ததில்லை.

மூத்தவரைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்; இடுப்பில் கட்டிய சாரத்து மடியில் எந்நேரமும் ஒரு கத்தரிக்கோல் இருப்பதால் அவர் கத்தரிக்கோல் காக்கா. தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போன வீட்டில், பெரியவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வாசலில் நின்ற மல்லிகைப் பந்தலை மொட்டையடித்துவிட்டார். பேச்சு அத்தோடு முறிந்தது. “அடுத்த மாசம் பூவப் பாத்திட்டு அவங்களே தேடி வருவாங்க” என்றார் காக்கா. பூ கொட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளைதான் வேறு இடத்தில் முடித்துக்கொண்டான்.

அவருடைய உயிர் முழுக்கப் பின்வளவில் இருந்தது. கடையில் திராட்சை என்று விற்பார்களே, அந்த முந்திரிகைக் கொடி. கடற்கரை மணலில் அது வராது என்று ஊரே சொன்னதால் வளர்த்தார். இரும்புக் குழாய் நட்டு, கம்பி இழுத்து, தன் உயரத்துக்குப் பந்தல் போட்டார். அவர் உயரம் கொஞ்சம்தான். வருகிறவர்கள் எல்லாம் குனிய வேண்டும். நான் அவரையும்விடக் கட்டை. “என்ட பந்தலுக்குக் கீழ நிமிந்து நடக்க ஏலுமான ஆம்பிளை நீ ஒராள்தான்டா” என்று போகும்போதெல்லாம் பகிடி பண்ணுவார்.

வெட்டுகிற காலம் வந்தால் ஒரு இலைகூட மிஞ்சாது. ஒவ்வொரு கிளையிலும் துளிர்க்கிற கண் இரண்டு விட்டு, அதற்கு மேலே சரிவாக ஒரு வெட்டு. வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டும். அடுத்த வளவிலிருந்து என் உம்மா தலையை நீட்டி, “பாவம் காக்கா, அழுகுது” என்பா.

“அழட்டும் புள்ள. அழுகுற கொடிதான் காய்க்கும்.”

காய்க்கத்தான் செய்தது. பழத்தை வாயில் போட்டால் புளியங்காய் தோற்கும். காக்கா முன்னால் நின்று முகத்தையே பார்ப்பதால் கண்ணைச் சுருக்கவும் வழியில்லை.

அந்தக் கத்தரிக்கோலைத் தொட அனுமதி இருந்தது அவருடைய ஒரே மகன் நசீருக்கு மட்டும்தான். ஒருமுறை காக்கா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அதிலிருந்து வெட்டு வேலை நசீருடையது, சத்தம் போடுவது காக்காவுடையது.

கிழக்கிலங்கையில் சண்டை நடந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் காலையில் பாதிப் பந்தலை வெட்டி முடித்த நசீர், வயலுக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பினான். “மத்தப் பாதிய நான் வந்து வெட்டுறன் வாப்பா. நீங்க ஏணியில ஏறாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை யார் பிடித்துக் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் மூன்று கதை உண்டு. மூன்றிலும் அவன் திரும்பி வரவில்லை.

அடக்குவதற்கு மையத்தும் கிடைக்கவில்லை. மாதங்கள் போனபின் பள்ளிவாசல் ஆட்கள் வந்து, இறந்தவன் பேரில் கத்தம் ஓதிப் பத்துப் பேருக்குச் சோறு கொடுக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார்கள். காக்காவின் பெண்சாதி கதவுக்குப் பின்னால் நின்று அழுதா. “கத்தம் மௌத்தானவங்களுக்கு. அவன் வேலையப் பாதியில வெச்சிட்டுப் போயிரிக்கான், வருவான்” என்று காக்கா எழுந்துவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் முதல் பாதியை மட்டும், இடுப்பு வலியோடு, தானே வெட்டினார். மற்றப் பாதியை விட்டுவிட்டார். பந்தல், பாதி சிரைத்ததும் சலூன்காரன் எழுந்து போன தலை மாதிரி ஆனது. வெட்டாத பக்கம் பழம் இல்லை, வெறும் இலை. அடுக்களைக் கூரையில் ஏறியது. கிணற்றுக் கப்பியைச் சுற்றியது. மதிலைத் தாண்டி வந்து, காயப்போட்ட என் சட்டையின் ஒரு கைக்குள் நுழைந்து மறு கையால் வெளியே வந்தது.

“காக்கா! உங்கட கொடி என்ட மகன்ட சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிது!” என்று உம்மா கத்தினா.

“மெதுவாக் கழத்தி எடு புள்ள. வெட்டிப் போடாத.”

ஊரிலுள்ள செடியையெல்லாம் மொட்டையடித்த மனிசன் சொன்ன சொல் அது. உம்மா ஒரு இலையும் உதிராமல் கொடியைச் சட்டையிலிருந்து கழற்றி எடுத்தா.

எங்கள் ஒழுங்கைக்குள் நுழையும் தெருமுனையில் ஆமிக்காரர்களின் காவலரண் வந்தபோதுதான் வினை வந்தது. அந்தக் காடு அவர்களுக்குப் பின்பக்கத்தை மறைக்கிறதாம். ஒரு அதிகாரி நாலு பேரோடு வந்தார்.

“ஐயா, இது எல்லாம் வெட்டுங்க.”

“இந்தப் பக்கம் என்ட மகன் வெட்டணும்.”

“மகன் எங்க?”

காக்கா கொடிக்கு முன்னால் போய் நின்றார். நாங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம். அதிகாரி கையசைத்தார். ஒரு சின்னப் பொடியன் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, கத்தியை ஓங்கி அடிக்கிளையில் ஒரே போடு போட்டான். கிளை பிளந்து நார் நாராகத் தொங்கியது.

காக்கா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். மற்ற மூன்று துவக்குகளும் நிமிர்ந்தன.

“இப்பிடி வெட்டினா மௌத்தாப் போயிரும்டா! தள்ளு!”

மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். ஏணியில் ஏறினார். இத்தனை வருசம் யார் சொல்லியும் தொடாத அந்தப் பாதியை, பிழையான வெட்டு ஒன்றைப் பார்க்கப் பொறுக்காமல், தானே வெட்டத் தொடங்கினார். இரண்டு கண் விட்டு, சரிவாக. கத்தியோடு வந்த பொடியன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். உள்ளே அவர் பெண்சாதி ஓவென்று அழுதா. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நசீர் மௌத்தானான்.

கடைசிக் கிளைக்கு வந்ததும் கத்தரிக்கோல் நின்றது.

“இது அவன்ட” என்றார், ஏணியில் நின்றபடியே.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். “ஹரி” என்று, சரி என்பதைச் சிங்களத்தில் ஒரு சொல்லாய்ச் சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கத்தம் ஓதினார்கள். காக்கா எல்லாருக்கும் தானே சோறு போட்டார்.

விட்ட அந்த ஒரு கிளை வருசா வருசம் நீண்டு, வளவு முழுக்க நடந்து, வாசலுக்குக் குறுக்கே தொங்கியது. காக்கா அதைத் தொடவில்லை. யாராவது தலையில் பட்டு முணுமுணுத்தால், “குனிஞ்சாக் கொறஞ்சா போவீங்க?” என்று கேட்பார். எனக்கு வெளியூரில் வேலை கிடைத்து, பயணம் சொல்லிக்கொள்ளப் போனேன். அந்தக் கொடி என் தலைக்கு மேலே நல்ல உயரத்தில்தான் தொங்கியது. ஆனாலும் குனிந்துதான் உள்ளே போனேன்.