செவ்வாய்க்கிழமை டொக்டர்

அன்றும் டொக்டர் வரவில்லை. சிப்பித்துறை மருந்தகத்தில் டொக்டர் அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் பதினொரு மணிவரை நின்றுவிட்டு இன்பமலர் வீடு திரும்பியபோது கைத்தொலைபேசி அடித்தது. கண்டியில் மகள் வீட்டில் இருக்கும் கணவர் யோசேப்.

"டொக்டர் வந்தவரோ?"

"அடுத்த கிழமை வருவாராம்."

"காத்து எப்பிடி?"

"சோழகம்தான்."

அவர் நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதர். காலில் சீனி வருத்தப் புண்; கிழமைக்கொருக்கால் டொக்டர் பார்த்தாக வேண்டும். ஊருக்குச் செவ்வாய்தோறும் வந்த பழைய டொக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். புதியவருக்கு நியமனம் கிடைத்ததாகச் சொன்னார்கள். எட்டு மாதமாக எவர் கண்ணிலும் படவில்லை. இன்பமலர் இன்னமும் இருவருக்குக் குழம்பு வைத்து, மிச்சத்தைப் பூனைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிரதேச சபைத் தவிசாளர் சுகிர்தனிடம் போய் முறையிட்டாள். அவர் உருகிப்போனார். மறுகிழமையே 'செவ்வாய்தோறும் வைத்தியர்' என்று பெரிய பலகை வந்தது. அதைப் பார்த்து அயலூர்க்காரரும் வந்து காத்து நின்றார்கள்.

மறுபடி போனாள். காத்திருப்பவர்கள் உட்கார முப்பது கதிரைகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் தவிசாளரின் பெயர்.

மூன்றாந்தரம் போனாள். மருந்தகத்துக்கு வண்ணம் பூசினார்கள். அது காயும்வரை உள்ளே ஆள் போகக்கூடாதென்று, பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த தாதியையும் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான்காந்தரம் அவளையே சுகாதாரக் குழுத் தலைவியாக்கினார் தவிசாளர். அதன்பின் ஊர்ச்சனம் டொக்டர் எங்கே என்று அவளிடம் கேட்கத் தொடங்கியது. கடைக்குப் போகவும் பின்வழியைப் பிடித்தாள்.

"இனி அங்க வந்து கடல் பார்க்கக் கிடைக்காது போல" என்றார் யோசேப் ஒருநாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய், சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றாள்.

"எனக்குக் கதிரையும் வேண்டாம், தலைவிப் பதவியும் வேண்டாம். மனுசன் வீட்ட வரவேணும். டொக்டர் எங்க எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

தவிசாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தானும் தேடிக்கொண்டிருப்பதாகவும், இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்படியும் சொன்னார். பிறகு, வெயிலில் அவள் நடக்கக்கூடாதென்று தன் வாகனத்திலேயே வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

வெளியே சாரதி றிக்சன் மணியைப் பார்த்தபடி நின்றான்.

"கெதியா ஏறுங்கோ அக்கா, உங்களை இறக்கிப்போட்டு டொக்டரம்மாவை டவுனில அவவின்ர கிளினிக்குக்குக் கொண்டுபோகவேணும், ஐயாட மருமகள், உங்கட சிப்பித்துறைக்கு வேலை கிடைச்ச நாளிலயிருந்து செவ்வாய்க்கிழமையில நான்தானே கொண்டுபோறனான்."