கேட் மட்டும் இருந்த ஸ்டேடியம்

உலகத்தில் ஸ்டேடியம் கட்டியவர்கள் எல்லோரும் முதலில் இடம் பார்த்தார்கள், சுவர் எழுப்பினார்கள், ஆசனம் போட்டார்கள், கடைசியாகத்தான் கேட் மாட்டினார்கள். கேட்டை முதலில் நட்டுவிட்டு, மிச்சமெல்லாம் தானாக வரும் என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த ஒரே மனிதர் எங்கள் கேட் மாமாதான்.

அவர் ஞாபகம் இப்போது வரக் காரணம் உண்டு. கேகாலை மாதிரி ஒரு நடுத்தர ஊரின் மத்தியில் ஸ்டேடியம் கட்டினால் ஊர் தாங்குமா, சம்பளம் வாங்கி ஆடும் அணி ஒன்றை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று போன வாரம் ஒரு கூட்டம் நடந்தது. கழுத்துப்பட்டி கட்டியவர்கள் மதியச் சாப்பாடு வரும் வரை விவாதித்தார்கள். சாப்பாடு வந்ததும், இன்னொரு கூட்டம் போட்டு மேலும் விவாதிப்பதென்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பரிசோதனையெல்லாம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எப்போதோ செய்து முடித்தாயிற்று.

மாமா தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் பங்களா வாச்சர். வேலை இரண்டே இரண்டு. ஜீப் ஹோர்ன் கேட்டால் கேட்டைத் திறக்க வேண்டும், ஜீப் உள்ளே போகும்போது சலாம் வைக்க வேண்டும். அந்தச் சலாமைப் பார்க்க வேண்டுமே! குதிகால் இரண்டும் சேர்ந்து, நெஞ்சு நிமிர்ந்து, கை நெற்றிக்குப் போகும் வேகத்தில் தொப்பி பின்னால் நகர்ந்துவிடும். துரைமார் எத்தனையோ பேர் மாறினார்கள். ஒருவராவது ஜீப்பிலிருந்து திரும்பிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

பிறகு தோட்டத்தைக் கம்பெனி எடுத்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மருந்துக் காம்பராவில் மருந்து இல்லை. கம்பெனி நிலைமையைத் தீர ஆராய்ந்து பங்களாவுக்குப் புதுக் கேட் போட்டுக் கொடுத்தது. பழைய இரும்புக் கேட்டை மாமா கெஞ்சி வாங்கினார். எங்கள் தோளில் ஏற்றிச் சுமக்கவைத்து, நாங்கள் கிரிக்கெட் ஆடும் தரைக்குப் போகும் பாதையில் நட்டார். கேட்டுக்கு வலப்பக்கம் வேலி இல்லை. இடப்பக்கமும் இல்லை.

மாமாவின் சம்சாரம் ராசம்மா அத்தை இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தாள்.

"நம்ம காம்பராவுக்குக் கதவு ஒடஞ்சு சாக்கு தொங்குது. இவரு வெட்டவெளிக்குக் கேட்டுப் போடுறாரு!"

"ஒனக்கு என்னா தெரியும்? ஸ்டேடியம்னா கேட்டு வேணும். கேட்டு இருந்தா டிக்கட்டு. டிக்கட்டு இருந்தா பயலுகளுக்குச் சம்பளம்."

அவருடைய பொருளாதாரக் கொள்கை முழுவதும் இந்த மூன்று வசனம்தான். கழுத்துப்பட்டிக்காரர்கள் இதையேதான் படம் போட்டுக் காட்டினார்கள்.

கேலியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாமாவுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பையன்களுக்கு மீசை முளைத்தால் அடுத்து முளைப்பது கொழும்பு பஸ். ஹோட்டலில் தட்டுக் கழுவ, கடையில் மூட்டை தூக்க என்று ஒவ்வொருவனாகப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் தியாகு ஓடி வந்தால் எதிரணிக்காரன் ஸ்டம்பை விட்டு விலகி நின்று வழி கொடுப்பான். "இந்தக் கையி எச்சித்தட்டுக் கழுவுற கையா தம்பி?" என்று மாமா என்னிடம் கேட்பார். ஆட்டத்துக்கு ஒரு நாள் சம்பளம் கிடைத்தால் பையன்கள் ஊரிலேயே நிற்பார்கள் என்று அவர் நம்பினார்.

டிக்கட்டுக்குக் காகிதம் வாங்க வழியில்லை. ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டார். சினிமாக் கொட்டகையில் டிக்கட்டைப் பாதியாகக் கிழிப்பதைப் பார்த்திருந்ததால் இதையும் கிழிக்க வேண்டும் என்று பிடிவாதம். ரப்பர் கிழியுமா? இழுப்பார், நீளும். இன்னும் இழுப்பார், இன்னும் நீளும். கடைசியில் கை நழுவி அவர் மூக்கிலேயே அடிக்கும். மூக்கைத் தடவிக்கொண்டே, டிக்கட் எடுத்தவருக்குத் துரைக்கு வைக்கிற அதே சலாமை வைப்பார்.

அந்தச் சலாமுக்காகவே டிக்கட் எடுத்த கிழவர்கள் இருந்தார்கள். மற்ற சனமெல்லாம் கேட்டைச் சுற்றிக்கொண்டு போய், மேட்டு ரப்பர் மலையில் படிப்படியாக உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தது. அவர்களுக்கு நடுவே ராசம்மா அத்தை வடை விற்றாள். கேட்டில் விழுந்த காசு பந்துக்கே போதவில்லை. வடைக் காசில் அத்தை காம்பராவுக்குக் கதவு போட்டாள்.

ஒருமுறை பக்கத்துச் சிங்கள ஊர் அணி ஆட வந்தது. அவர்களுடைய கேப்டன் கேட்டின் முன்னால் வெகுநேரம் நின்று யோசித்தான்.

"மாமே, கேட் எக்க தியெனவா. வெட்ட கோ?"

கேட் இருக்கிறது, வேலி எங்கே என்கிறான். மாமா அசரவில்லை.

"வெட்ட பஸ்ஸே எனவா, மல்லி." வேலி பின்னால் வருகிறதாம், தம்பி.

வேலி எங்கேயோ பஸ் ஏறிவிட்டது போலத்தான் சொன்னார். பையன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டைச் சுற்றிப் போனான்.

இன்னொரு நாள் துரையின் ஜீப் அந்தப் பக்கம் வந்தது. இரண்டு பக்கமும் லொறி போகிற அளவுக்கு இடம் இருந்தும், கேட்டைக் கண்ட பழக்கத்தில் டிரைவர் ஹோர்ன் அடித்தான். சத்தம் கேட்ட பழக்கத்தில் மாமா ஓடிப்போய்த் திறந்து சலாம் வைத்தார். ஜீப் போன பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"டிக்கட்டு கேக்க மறந்துட்டனே!"

தேர்தல் வந்தது. மாலை போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். மாமாவின் கேட் வழியாகவே நுழைந்து, லைட்டெல்லாம் போட்ட ஸ்டேடியம் தருவதாகச் சொல்லி ஓர் அடிக்கல்லும் நட்டார். வாக்குறுதி போன இடம் தெரியவில்லை. கல் மட்டும் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு வந்து சேர்ந்து, லயத்துத் துணியெல்லாம் அதில்தான் அடித்துத் துவைக்கப்பட்டது. எங்களுக்குத் தெரிந்து அரசியல்வாதி கொடுத்து உபயோகப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

கடைசியில் தியாகுவும் கிளம்பினான். காலைப் பஸ்ஸுக்குப் பையோடு வந்தவனை மாமா மறித்தார்.

"ஒரு மாசம் பொறு தம்பி. வேலி போட்டுட்டா சனம் காசு குடுத்துத்தானே ஆகணும்?"

"வேலி போட்டா சனம் வராது மாமா," என்றான் தியாகு மெதுவாக. "அவங்ககிட்டயும் எங்க இருக்கு காசு?"

ஒரு நடுத்தர ஊர் ஸ்டேடியத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கு நான் கேட்ட ஒழுங்கான பதில் அதுதான். அதைச் சொன்னவன் அன்று சாயந்தரம் கொழும்பில் தட்டுக் கழுவினான். கொஞ்ச நாளில் நானும் போனேன். எல்லோரும் போனோம்.

மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் தரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம். அத்தை சொல்லித் திட்டுவாள்.

அடுத்த தீபாவளிக்குக் கொழும்புப் படை முழுவதும் கறுப்புக் கண்ணாடியோடு ஊர் வந்து இறங்கியது. மறுநாள் மேட்ச். வழக்கமாகச் சுற்றிப் போகும் நாங்கள், தியாகு சொன்னபடி கேட்டின் முன்னால் வரிசையில் நின்றோம். அவன் முதலில் காசை நீட்டினான். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெளையாடுறவனுக்குக் காசு குடுக்கணும்டா. அவன்கிட்ட வாங்கக் கூடாது!"

"நாங்க இப்ப வெளியூர்க்காரங்க மாமா. டிக்கட்டு இல்லாம உள்ள விடுவீங்களா?"

மாமா கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு காசை வாங்கினார். ரப்பரை இழுத்தார், மூக்கில் அடிபட்டார். குதிகால் சேர்த்து, நெஞ்சு நிமிர்த்தி, தட்டுக் கழுவுகிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சலாம் வைத்தார். கண் கலங்கியதை மறைக்க எனக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடி உதவியது.

ஆட்டம் முடிந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, வாங்கிய அதே நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சம்பளம். இன்னைக்கு நீங்கள்லாம் புரொபெசனலு."

அடுத்த நாள் பஸ் ஏறினோம். எங்கள் தோட்டத்தின் தொழில்முறைக் கிரிக்கெட் ஒரே ஒரு நாள் நடந்தது, நட்டமில்லாமல் நடந்தது.

மாமா இப்போது இல்லை. கேட் இருக்கிறது. வேலி இன்னும் வந்து சேரவில்லை. துரு ஏறி இறுகிவிட்டதால் கேட்டைத் தள்ளித் திறக்கத் தோள் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் தாராளமாக வழி இருக்கிறது. ஆனாலும் ஊருக்குப் போனால் எங்களில் ஒருவனும் சுற்றிப் போவதில்லை.