கண்ணை மூடினால் ஓடும் கம்ப்யூட்டர்

காலையிலேயே வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேர் இடுப்பிலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி. சுகமில்லாத குழந்தையைத் தூக்கி வந்த முகங்கள். ஒருவர் தன் பெட்டிக்குத் துண்டு போர்த்தியிருந்தார்.

"விடிய விடிய ஒரே அனத்தல்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

"உங்களுது அனத்தவாவது செய்யுது. எங்களுது பேச்சு மூச்சில்லாம பொட்டுனு போயிடுதுங்க."

இருவரும் பெருமூச்சு விட்டார்கள். மாடியில் இருந்த கூடத்தில் அதிர்வு ஐயா அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

ஐயா முன்பு பழைய கம்ப்யூட்டர் விற்றவர். விற்ற பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியபோது அவருக்கு ஞானமும் வந்தது. இயந்திரத்துக்கும் மனசு உண்டு என்பது அந்த ஞானம். பழைய பெட்டிக்குள் புது கிராபிக்ஸ் கார்டைச் செருகுவது, விவரம் கேட்காமல் சம்பந்தம் பேசுவது மாதிரி. பொருத்தம் இல்லையென்றால் பெட்டி கோபித்துக்கொள்ளும். திரை கறுத்துவிடும். பரிகாரம் உண்டா? இல்லாமலா! அமைதித் தகடு என்ற செப்புத் தகட்டைப் பெட்டியின் தலையில் வைக்க வேண்டும். அதற்கு முன் ஐயா பூஜை போல ஒன்று செய்வார். அப்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உரக்க முனக வேண்டும். திறந்தால் அதிர்வு கண்ணில் பாய்ந்துவிடும்.

மூடினார்கள். முனகினார்கள். படித்தவர்கள் இன்னும் இறுக்கமாக மூடினார்கள்.

அந்த வரிசையில் ஒரு வரைகலைக்காரியும் நின்றாள். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டியது போலவே படமாக்கிக் காட்டுவது அவள் தொழில். இருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டின் சின்ன அறையில் சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். முதல் பெரிய வேலை ஒரு மருத்துவமனை. வாசல் முதல் மொட்டைமாடி வரை நடந்து பார்ப்பது போல ஒரு படம். வெள்ளிக்கிழமை மதியம் ஒப்படைக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும். அதன்பின் அவள் பழைய அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

அந்த வேலைக்காகத்தான் புது கார்டு வாங்கிப் பொருத்தினாள். கடிதம் தட்டினால் கம்ப்யூட்டர் ஒழுங்காக இருந்தது. மருத்துவமனைப் படத்தைத் திறந்து ஓட்டினால் மட்டும் விசிறி ஒரு முறை உறுமும், திரை கறுக்கும், பெட்டியே அணைந்துபோகும்.

"அண்ணி, பெட்டிக்கும் கார்டுக்கும் ஆகாமப் போனதுதான்" என்று அவளை அழைத்து வந்தவன் கொழுந்தன். அவன் ஐயாவின் தீவிர பக்தன். தன் செல்போனின் முதுகில்கூடத் தகடு ஒட்டியிருந்தான். சூடு தாங்காமல் அதைக் கைக்குட்டையில் பிடித்துப் பேசுவான்.

ஐயா அவள் பெட்டியைத் தடவிப் பார்த்தார். "வந்த கார்டு அழுவுதும்மா" என்றார்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. பெட்டியைத் திரையோடு இணைத்தார்கள். விசைப்பலகைமேல் பட்டுத்துணி போர்த்தினார்கள்; ஐயா ஆசீர்வதிக்க அதனடியில் கை வைத்தார். எல்லோரும் கண்ணை மூடி, கூரை அதிர முனகினார்கள். கண்ணைத் திறந்தபோது தகடு பெட்டியின் தலையில் இருந்தது. மருத்துவமனைப் படத்தை ஓட்டினார்கள். அணையவில்லை! கைத்தட்டல் தெருவரை கேட்டது.

"பாத்தீங்களா அண்ணி?" கொழுந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினாள். அணையவில்லை. ஆனால் படம் நகரவும் இல்லை. முன்பு மளமளவென்று வந்த சுவர்கள் இப்போது செங்கல் செங்கலாக வந்தன. இந்த வேகத்தில் வேலை முடிவதற்குள் மருத்துவமனையையே கட்டி முடித்துவிடலாம். ஐயாவுக்குப் போன் போட்டாள்.

"பெட்டிக்கு நிதானம் வந்திருக்கும்மா. அதக் கெடுத்துடாத" என்றார்.

அவள் வெகுநேரம் தகட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, பிரார்த்திக்கிறாள் என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்தினான். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

பிறகு எழுந்து தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கம்ப்யூட்டர் அதே போல ஓடியது. அப்படியானால் தகடு எதற்கு?

கார்டை இயக்கும் நிரலைத் திறந்து பார்த்தாள். கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று ஒரு அளவு அதில் உண்டு. முழுசாக இருந்ததை யாரோ அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். அவள் இறக்கவில்லை. கூடத்தில் பட்டுத்துணிக்கு அடியில் கை வைத்தவர் ஒருவர்தான்.

அளவை ஏற்றினாள். தகட்டையும் மரியாதையாகத் தலையில் வைத்தாள். படத்தை ஓட்டினாள். உறுமல். கறுப்பு. மௌனம்.

கார்டு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். அறுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை தேவை என்று எழுதியிருந்தது. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளையின் ஒட்டுத்தாளைப் பார்த்தாள். முந்நூற்றைம்பது. கார்டு அழவில்லை. பசித்தது.

வியாழக்கிழமை பெட்டியோடு மறுபடியும் கூடத்துக்குப் போனாள். ஐயாவின் பக்கத்தில் மேடைமேல் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தகட்டின் மகிமைக்கு அதுதான் சாட்சி. அவளுடையது போலவே ஒரு கார்டு, ஒரு தகடு, என்றைக்கும் அணைந்ததில்லை.

"ஐயா, என் பெட்டிக்கு மறுபடியும் செய்யணும். ஆனா இந்தத் தடவ எல்லாரும் கண்ணத் திறந்துட்டு இருக்கட்டும். நீங்க விசைப்பலகையத் தொடக் கூடாது."

"கண்ணத் திறந்தா அதிர்வு சிதறிடும்மா."

"சிதறட்டும். நாங்க பெருக்கி அள்ளிக்கிறோம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயா தாடியைத் தடவினார்.

"வேணாமா? அப்ப இன்னொண்ணு. ரெண்டு பெட்டியோட பவர் சப்ளைய மட்டும் கழட்டி மாத்திப் பொருத்திப் பாக்கலாம். உங்க பெட்டிமேல உங்க தகடு இருக்கட்டும். என்னுது மொட்டத் தலையா இருக்கட்டும்."

"அண்ணி, தெய்வக் குத்தம்!" என்றான் கொழுந்தன்.

"தம்பி, அந்த ஸ்க்ரூடிரைவர எடு."

ஐயா எழுந்து மேடைக்குக் குறுக்கே நின்றார். "ஏன் சாமி மறைக்கிறீங்க? தகடு பாத்துக்கும்ல?" என்றார் துண்டு போர்த்திய பெட்டிக்காரர். கூட்டம் முன்னே நகர்ந்தது. ஐயா பின்னே நகர்ந்தார்.

அவள் அவருடைய பெட்டியைத் திறந்தாள். உள்ளே செங்கல் கனத்தில் பளபளவென்று ஒரு பவர் சப்ளை. ஒட்டுத்தாளை உரக்கப் படித்தாள்: "எண்ணூற்றைம்பது வாட்." கூடத்தில் அன்று யாரும் முனகவில்லை.

மாற்றிப் பொருத்தினாள். முதலில் தன் பெட்டி. தகடு இல்லை. பட்டுத்துணி இல்லை. மின்சார அளவு முழுசு. மருத்துவமனையின் வாசல் திறந்தது. படிகள், நீளமான நடைபாதை, ஜன்னல் வழியே விழும் வெயில், மொட்டைமாடி. விசிறி உறுமியது, பெட்டி தாக்குப்பிடித்தது.

அடுத்தது ஐயாவின் பெட்டி. தகட்டைத் தலையில் வைத்தாள். ஒன்றுக்கு இரண்டாகவே வைத்தாள். அதே படத்தை அதில் ஓட்டினாள்.

பொட்டென்று போனது.

"இப்ப எந்தக் கார்டு அழுவுது சாமி?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. பதில் சொல்ல ஐயா அங்கே இல்லை. பின்பக்கப் படிக்கட்டு வழியாக அதிர்வே இல்லாமல் இறங்கிப் போயிருந்தார்.

ஐயாவின் பவர் சப்ளையிலேயே வேலை முடிந்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே மருத்துவமனைப் படம் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை அவள் தனக்கு ஒரு பவர் சப்ளை வாங்கிக்கொண்டு, ஐயாவுடையதைக் கொண்டுபோய் பூட்டிய கூடத்தின் வாசலில் வைத்தாள். மேலே அந்தச் செப்புத் தகட்டையும் வைத்தாள்.

திரும்பும் வழியில் கொழுந்தன் செல்போன் முதுகில் இருந்த தகட்டை நகத்தால் நிரடிக்கொண்டே வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணி, இந்தப் புது பவர் சப்ளைய எந்தத் திசை பாத்து வெச்சா நல்லது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். திசை எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். உங்கள் நன்மைக்காகக் கண்ணை மூடச் சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் சரி, ஒரு கண்ணையாவது திறந்து, அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.