மச்சான் தொடாத ஆட்டுத்தொடை

இனிமேல் என் வீட்டுக் கறியை என் மச்சான் ஃப்ரெடி தொடக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிவெடுத்தேன். அப்போது என் தட்டில் ஒரு உருளைக்கிழங்கு இருந்தது. அவன் தட்டில் ஒரு ஆடு இருந்தது.

ஃப்ரெடி என் மனைவி ஐரீனின் தம்பி. திருவொற்றியூரில் இருக்கிறான். ஞாயிறானால் ரயிலேறி ராயபுரம் வந்துவிடுவான். பூசைக்குத் தவறினாலும் குழம்புக்குத் தவறமாட்டான். ஐரீனின் கரண்டிக்கு ரத்தபாசம் அதிகம். நல்லியெல்லாம் அவனுக்குப் போகும். எனக்கு அந்த நல்லி நீந்திய குழம்பு வரும். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கியிருக்கிறேன். மச்சான் தட்டிலிருந்து ஒரு துண்டைத் தூக்க முடியவில்லை.

வராதே என்று சொல்லலாம். சொன்னால் நான் எங்கே சாப்பிடுவது? அதனால் வேறு வழி யோசித்தேன். கறி வீட்டில் இருக்கவேண்டும். ஆனால் தின்கிற நிலையில் இருக்கக்கூடாது. இறைச்சி பதப்படுத்தும் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன். ஆட்டுத்தொடையில் உப்பும் சர்க்கரையும் மிளகும் தேய்த்து, வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, அப்புறம் புகை போட வேண்டுமாம். அதுவரை ஃப்ரெடி என்ன, யாருமே வாய் வைக்க முடியாது.

"பிசினஸ் பண்ணப்போறேன்" என்றேன் ஐரீனிடம்.

"இன்னா பிசினஸு?"

"ஹாம்."

"ஆமா, பிசினஸுதான். இன்னா பிசினஸு?"

"அதான் சொல்றேனே, ஹாம்."

"வாய்ல இன்னா கீது? துப்பிட்டுச் சொல்லு."

"உப்பு போட்டு, புகை போட்ட கறிடீ. எல்லாரும் பன்னில பண்ணுவாங்க. நான் ஆட்ல பண்றேன்."

"உப்புக்கண்டம்னு சொல்லித் தொலையேன்."

"அது வேற. இது ஃபாரின்."

"அப்போ ஞாயித்துக்கெழம கறி?"

"ஆராய்ச்சிக்கு வோணும். வூட்ல கொஞ்ச நாளைக்குக் கத்திரிக்காதான்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். ஐரீன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள்.

கல்யாணமான நாளாக அவள் எனக்குச் சொன்ன முதல் 'சரி' அது. நான் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

சனிக்கிழமையானால் முழுத்தொடை ஒன்று வாங்கி வருவேன். "குடு, எலும்ப எடுத்து கழுவிக் குடுக்கறேன்" என்று ஐரீன் உள்ளே கொண்டுபோவாள். உள்ளே போவது ஆட்டுத்தொடை. வெளியே வருவது கோழித்தொடை.

"இன்னா ஐரீன், இத்துனூண்டு கீது?"

"கழுவுனா சுருங்கும்."

"கறி சுருங்குமா?"

"உன் காட்டன் சட்ட சுருங்கல?"

பதப்படுத்தினால் எடை குறையும் என்று பயிற்சியிலும் சொல்லியிருந்தார்கள். உப்பு போடுவதற்கு முன்பே குறைகிறதே என்று சின்னதாக ஒரு சந்தேகம். என் கைராசி என்று விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிறு ஃப்ரெடி வந்தான். கத்திரிக்காயைப் பார்த்தான். "மாமா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தான். சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்தும் வரவில்லை. வென்றேன்.

ஐரீனுக்கும் ஞாயிறு மதியங்களில் மரியாயின் சேனை என்று சர்ச் பெண்களின் ஜெபக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. பெரிய தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். கேட்டால், கூட்டத்துக்கு மோர் என்பாள்.

நான் மொட்டைமாடியில் தகர டிரம்மில் மரத்தூள் கொளுத்திப் புகை போட்டேன். காசிமேட்டு மீன் தின்று அலுத்த பூனைகள் மாற்றம் தேடி என் மாடிக்கு வந்தன. கம்போடு காவல் உட்கார்ந்தேன்.

பக்கத்து மாடியிலிருந்து ஜெரினா கத்தினாள். "அண்ணே, காயப்போட்ட துணி பூரா கறி வாசன அடிக்குது!"

"நல்லதுதானேம்மா."

"இன்னா நல்லது? எம் வூட்டுக்காரரு சட்டைய மாட்டிகினு சோறு எங்கேன்றாரு!"

கடைசியில் ஒரு ஞாயிறு ஹாம் தயாரானது. செம்பழுப்பு நிறம். மினுமினுப்பு. ஓரத்தில் கொஞ்சம் அறுத்து வாயில் போட்டேன். வங்காள விரிகுடா. ஃபாரின் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று தண்ணீர் குடித்தேன்.

இதை யாருக்காவது காட்ட வேண்டுமே. ஐரீன் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஃப்ரெடிக்கே காட்டுவோம், பார்த்து ஏங்கட்டும் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கு ரயிலேறினேன்.

அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஆட்டுக்குழம்பு வாசனை தெருவரை வந்து என்னை வரவேற்றது. உள்ளே மரியாயின் சேனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஃப்ரெடி, ஐரீன். நடுவில் அந்தத் தூக்கு. ஐரீன் கையில் நல்லி. கழுவும்போது சுருங்கிய தொடையெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

"வா மாமா, குந்து" என்றான் ஃப்ரெடி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஐரீன்..." என்றேன்.

"இன்னா?"

"மோர்?"

"தீந்துபோச்சு. கைல இன்னாய்யா பொட்டலம்?"

பிரித்துக் காட்டினேன். ஃப்ரெடி ஒரு துண்டு கடித்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. சொம்பை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டான். ஐரீன் நுனியில் கொஞ்சம் பிய்த்து நாக்கில் வைத்தாள். யோசித்தாள். அவள் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் என் கைப்பக்குவத்துக்கு அந்த முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்ல நேரத்துல கொண்ணாந்த" என்று என் ஹாமை முழுசாக வாங்கித் தூக்குக்குள் போட்டாள். "கொழம்புல உப்பு கம்மின்னு இப்பத்தான் பேசிகினு இருந்தோம்."