அம்மா கட்டிக் கொடுத்த கலயம்

நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது அதனால்தான்.

2002-ஆம் வருஷம். மதுராந்தகத்தில் வாத்தியார் வேலை. ஏரிக்கரையில் காலி தண்ணீர் பாக்கெட்டுகளைப் பொறுக்கிய ஒரு நாள், "இனி பிரயாணத்தில் பாக்கெட் தண்ணீரைத் தொட மாட்டேன்" என்று பிள்ளைகள் முன்னால் சபதம் செய்துவிட்டேன். (கை தட்டினார்கள். அதில்தான் கெட்டேன்.)

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, மாமல்லபுரத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் பத்திரிகை வைக்க வருங்கால மாமனார் என்னையும் கூப்பிட்டார். எனக்குப் பார்த்திருந்த வசந்தியும் வருகிறாளாம்! பாட்டில் பிளாஸ்டிக், தூக்குவாளி ஒழுகுகிறது. அம்மா ஒரு புது மண் கலயத்தில் தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடி, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வாயைக் கட்டிக் கொடுத்தார். வசந்திக்குப் பிடிக்குமென்று வளர்த்த ஐந்து நாள் தாடியோடு, கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் மாறினேன்.

"அண்ணாத்த, ஜன்னலாண்ட குந்து. கெட்டியா புடிச்சிக்க" என்றார் கண்டக்டர், தாழ்ந்த குரலில். சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப் போனேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கண் சொருகியது. வெயிலில் பனைமரங்கள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. கடல் இன்னும் வரவில்லை, நான் மட்டும் போய்விட்டேன். ஈர மணலில் வசந்தி கையை ஏந்துகிறாள். கலயத்தைச் சாய்த்துத் தண்ணீர் வார்க்கிறேன். விரலிடுக்கில் வழிந்ததை அலை வந்து வாங்கிக்கொண்டு போகிறது.

"அப்பாவா, அம்மாவா?" பக்கத்து சீட்டு அம்மாள் கலயத்தைக் காட்டிக் கேட்டார்.

யார் கட்டிக் கொடுத்தது என்று கேட்கிறாராக்கும். "அம்மா" என்றேன்.

"ரொம்ப கஸ்டப்பட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு."

"குடுத்து வச்ச மவராசி!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிச்சுப் போட்டதற்கா இவ்வளவு என்று எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மறுபடி கடலுக்குப் போய்விட்டேன்.

மாமல்லபுரத்தில் கண்டக்டர் விசிலடித்தார். "அஸ்தி எறங்குது, வழி வுடுங்க!" யாருடைய அஸ்தி என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

கீழே எனக்காகக் காத்துக்கொண்டு மாமனாரும் வசந்தியும். எனக்கு முன்னால் இறங்கிய அந்த அம்மாள் அவர்களிடம், "பாவம், பெத்த தாயி. கடல்ல கரைக்க எடுத்துக்கினு வந்துகீறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்திரிகைக் கட்டு மாமனார் கையிலிருந்து நழுவி விழுந்தது. "இன்னா மாப்ள, ஒரு வார்த்த சொல்லியனுப்பலையே? இனிமே ஒரு வருசத்துக்குக் கல்யாணம் ஏது?" என்றார். வசந்தி பொலபொலவென்று அழுதாள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பதில் சொல்லத் தொண்டை நனைய வேண்டுமே! துணியை அவிழ்த்தேன், சிரட்டையை எடுத்தேன், கலயத்தைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தேன்.

"ஐயோ, பெத்தவளக் குடிக்கிறானே!" என்று அலறினார் அந்த அம்மாள்.

"தண்ணி மாமா! வெறும் தண்ணி! அம்மா வூட்ல இட்லிக்கு மாவு ஆட்டிகினு இருக்காங்க!"

மாமனார் நம்பவில்லை. வசந்திதான் கலயத்தை வாங்கி எட்டிப் பார்த்தாள். அழுத கண்ணோடு அவளும் ஒரு வாய் குடித்தாள். அந்த நொடியில் அவள்மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு இப்போது எண்பது. வெளியூர் கிளம்பும்போது இன்றும் அவர்தான் தண்ணீர் நிரப்பித் தருகிறார், இப்போது எவர்சில்வர் பாட்டிலில். மூடியைத் திருகிக் கையில் கொடுத்துவிட்டு, "வழியில யாராவது கேட்டா, நான் இன்னும் இருக்கேன்னு சொல்லுடா" என்பார்.