குண்டி என்றால் பட்டன்

நான் மிகவும் ஒழுங்கானவன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு மே மாத மாலைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் அதைச் சொல்வதில்லை.

ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொம்மசந்திராவில் தரப் பரிசோதகர் வேலை, ஜீவனஹள்ளியில் வீடு. தினமும் டைரி எழுதுவேன் (மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம் உட்பட). கன்னடத்துக்குத் தனி நோட்டு வைத்திருந்தேன். அதன் முதல் பதிவு: ‘குண்டி: பட்டன்.’

தெருமுனைத் தையல்காரர் என் சட்டையைப் பார்த்து, “ஸார், குண்டி ஹாக்லா?” என்று கேட்டார். நம் ஊரில் அந்தச் சொல் உட்காரப் பயன்படுவதைக் குறிக்கும். நான் போட்ட சத்தத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. அவர் பொறுமையாக ஒரு பட்டனை எடுத்துக் காட்டி, தைக்கவா என்று சைகை செய்தார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன். இனி ஒருவரும் என்னை ஏமாற்ற முடியாது.

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அருளுக்கு அந்த மே மாத மாலையில்தான் அல்சூர் பக்கம் ஒரு சர்ச்சில் நாலரை மணிக்குக் கல்யாணம். தாலி என் பொறுப்பில். “மாமாகிட்ட இருந்தா லாக்கர்ல இருக்கற மாதிரி” என்று அருளே சொன்னான், பாவம். எல்லோரும் இரண்டு மணிக்கே வேனில் கிளம்பினார்கள்.

“ஏங்க, ஒரு சீட் காலியா இருக்கே, வாங்களேன்” என்றாள் ஸ்டெல்லா.

“மாப்பிள்ளையும் தாலியும் ஒரே வண்டியில போகக் கூடாது. ஆபத்தைப் பிரிச்சு வைக்கணும்” என்றேன். (அப்படிப் பிரித்ததில் மொத்த ஆபத்தும் எனக்கே வந்து சேர்ந்தது.)

என் டைரியின்படி மே மாத மழை ஐந்து மணிக்கு முன் வராது. மழை என் டைரியைப் படித்திருக்கவில்லை. சுருக்குப்பையில் தாலி, சட்டைப் பாக்கெட்டில் சுருக்குப்பை, பாக்கெட்டுக்குப் பட்டன் என்று மூன்றடுக்குப் பாதுகாப்புடன் மூன்றே முக்காலுக்கு ஆட்டோ ஏறினேன். பத்து நிமிடத்தில் வானம் உடைந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் சாலை ஏரியானது. முன்னால் ஒரு மரக்கிளை விழுந்து, அதற்குப் பின்னால் பேருந்துகள் அணிவகுத்து நின்றன. இவ்வளவு முன்னேறிய ஊர் நனைவதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

“இதுக்கு மேல போவாது ஸார். சைலன்ஸர்ல தண்ணி பூந்துடும்” என்றார் ஓட்டுநர்.

“எனக்கு நாலரைக்குக் கல்யாணம்.”

“உங்களுக்கா?” என்று என் நரையைப் பார்த்தார்.

விளக்க நேரமில்லை. பேன்ட்டை முழங்கால்வரை, இரண்டு பக்கமும் ஒரே அளவில், மும்மூன்று மடிப்பாகச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஓரமாக மக்காச்சோள வண்டியோடு நின்ற அம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: “ஸார், குண்டி! குண்டி இதே, நோடி!”

புதிதாக வந்தவனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். நான் படித்தவன். பட்டன் இருக்கு, பாருங்க என்று என் பாக்கெட்டைத்தான் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நன்றியுடன் தலையசைத்துவிட்டு, நடந்தபடியே குனிந்து பார்த்தேன். பட்டன் சரியாகப் போட்டுத்தான் இருந்தது. சரியாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்த அதைக் கழற்றினேன். அடுத்த அடியில் என் வலது கால் தொடைவரை பூமிக்குள் போனது.

ஓட்டுநர் ஓடிவந்து தூக்கினார். “அந்தம்மா பள்ளம் பள்ளம்னு அத்தனை வாட்டி கத்துது, நீங்க சட்டைய நோண்டினு வரீங்க?”

கன்னடத்தில் பள்ளத்துக்கும் அதே சொல்தான். தையல்காரர் தன் தொழிலுக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

பாக்கெட் காலி. நானும் ஓட்டுநரும் அந்த அம்மாளும் பள்ளத்தைக் கையால் துழாவினோம். ஒரு செருப்பு கிடைத்தது, ஒரு தேங்காய் ஓடு கிடைத்தது. தாலி கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்த செல்போன் உயிரை விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் மீதி தூரத்தை நடந்தேன்.

சர்ச்சுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே கால். ஆறு மணிப் பூசைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பெண் வீட்டார் எழுந்து நின்றார்கள். பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தாலி எங்கங்க?” என்றாள் ஸ்டெல்லா.

“எங்க வெச்சிருக்கீங்க?” என்றார் ஃபாதர்.

வழியெல்லாம் ஒரே சொல் தலையில் சுற்றிக்கொண்டிருந்ததால் அதற்குத் தமிழ் வரவில்லை. அமைதியான சர்ச்சில் என் குரல் கணீரென்று கேட்டது: “குண்டிக்குள்ள போயிடுச்சு, ஃபாதர்.”

கடைசி வரிசையில் ஒருவர் இருமினார். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபித்தாரா என்று தெரியாது. அருள் மட்டும், “மாமா, வெளிய எடுக்க முடியுமா?” என்று மெதுவாகக் கேட்டான்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “முதல்ல பேன்ட்டை இறக்கிவிடுங்க, எல்லாரும் பாக்கறாங்க.” இடது கால் மடிப்பைப் பிரித்தேன். மூன்றாவது மடிப்பிலிருந்து சுருக்குப்பை தொப்பென்று விழுந்தது. தாலி பத்திரமாக இருந்தது. ஃபாதர் அதன்மேல் வழக்கத்தைவிடத் தாராளமாகத் தீர்த்தம் தெளித்ததாக எனக்குத் தோன்றியது.

இன்றுவரை அருள் என்னிடம் எதைக் கொடுத்தாலும், “பத்திரமா வைங்க மாமா. எங்கன்னு மட்டும் சொல்லாதீங்க” என்கிறான். மழைக்கு இருட்டினால் ஸ்டெல்லா வாசலில் நின்று, “பட்டன் போட்டாச்சா?” என்று கேட்கிறாள்.

கல்யாணத்துக்கு மறுநாளே கன்னட நோட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே ‘2. பள்ளம்’ என்று சேர்த்துத் திருத்தினேன். போன வாரம் எதற்கோ அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். கீழே ஸ்டெல்லாவின் கையெழுத்தில் இன்னொரு பொருள் இருந்தது: ‘3. தாலி வைக்கும் இடம்.’ என்னைப் போலவே இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.