கேரியரில் பார்த்த பட்டணம்

கல்யாணமான நாளிலிருந்து தீர்த்தகிரிக்கு ஒரே குறை. அவன் எதைச் சொன்னாலும் அது பெண்டாட்டி கோகிலவாணிக்கு முன்பே தெரிந்திருக்கும். அவன் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவன். அவள் அடிவாரத்து ஆலங்காயத்துக்காரி, பிளஸ் டூ படித்தவள். ஒரே ஒரு தடவையாவது அவள் பார்க்காததைத் தான் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்க வேண்டும். அதுதான் அவன் ஆசை.

வழி காட்டியவன் சென்னையில் இருக்கும் மச்சான் மோகன், வாணியின் தம்பி. அங்கே ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு கூட்டம் சைக்கிளில் கிளம்பி, பழைய பெரிய கட்டடங்களையெல்லாம் சுற்றிப் பார்க்கிறதாம்.

"வாணி, பட்டணம் போலாம். ஆனா சைக்கிள்ல நான் மட்டுந்தான். ஒனக்கு அதெல்லாம் சரிப்படாது."

"சரிங்க. நீங்க போய்ட்டு வாங்க. நான் தம்பி வூட்ல இருக்கேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே தலையாட்டியதில்லை. தீர்த்தகிரி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான்.

சாந்தோம் சர்ச் வாசலில் இருட்டு பிரியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. கொடுத்த சைக்கிளில் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தான். எல்லாரும் கிளம்பினார்கள். அவன் சைக்கிள் மட்டும் கிளம்பவில்லை.

மலையில் சைக்கிள் இறங்குவதற்குத்தான். இறங்கும்போது அது ஆளைச் சுமக்கும், ஏறும்போது ஆள் அதைச் சுமப்பான். பெடல் என்பது கால் வைத்துக்கொள்ளும் இடம் என்றே அவன் இத்தனை வருஷமும் வாழ்ந்துவிட்டான். மூச்சைப் பிடித்து மிதித்தான். அடுத்த விளக்குக் கம்பம் வருவதற்குள் முட்டி இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது.

பின்னால் மணி அடித்தது. தம்பி பெண்டாட்டியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் கோகிலவாணி!

"இன்னா, நின்னுட்டீங்க?"

"ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தான் கீது. சரிவுதான் இல்ல."

"ஒனக்கு சைக்கிள் வுடத் தெரியுமா? சொல்லவே இல்லியே!"

"நீங்க கேக்கவே இல்லியே. கெவர்மெண்டு குடுத்த சைக்கிள்லதான ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தேன்? மோகன்கிட்டச் சொல்லி கேரியர் வெச்ச வண்டியா கேட்டு வாங்குனேன். ஏறுங்க."

"கேரியர் எதுக்கு?"

"உங்களுக்குத்தான்."

இடது பக்கம் பார்த்து, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

திறந்தபோது விடிந்திருந்தது. வட்டமாக ஒரு வீடு மெல்ல நகர்ந்து வந்தது. "அமெரிக்காவுலேர்ந்து ஐஸ் கட்டி கொண்டாந்து இதுலதான் வெச்சிருந்தாங்களாம்," என்றாள் வாணி. அடுத்து, கடிகாரம் பதித்த கோபுரத்தோடு ஒரு கல்லூரி. வெயில் பட்டுச் சிவந்த செங்கல், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வளைவு, வளைவுக்குள் இன்னொரு வளைவு. கோட்டை வந்தது. ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தபோது தீர்த்தகிரி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தான். மலையைச் சாமி படைத்தது, அதில் ஆச்சரியமில்லை. இதை மனுஷன் கையல்லவா கட்டியிருக்கிறது!

"வாணி, நிறுத்து! நிறுத்து!"

"ஆடாம உக்காருங்க. வண்டி சாயுது."

அவள் மூச்சு வாங்கவே இல்லை. இந்தக் கட்டடங்களுக்குச் சமமாக அதுவும் அவனை மலைக்கவைத்தது.

சவாரி ஹைகோர்ட்டோடு முடிந்தது. ஊர் திரும்பியதும் ஜமுனாமரத்தூர் டீக்கடையில் கதையை ஆரம்பித்துவிட்டான். வளைவு, கோபுரம், கடிகாரம் ஒவ்வொன்றையும் கையை விரித்துக் காட்டினான். கடைக்காரன் தேவராஜ் பால் பொங்குவதைக்கூட மறந்து கேட்டான். பக்கத்தில் வாணியும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரிக்குப் பிறவிப்பயன் கிடைத்துவிட்டது.

"அதெல்லாம் கெடக்கட்டும்ணா. கடல் எப்படி இருந்துச்சு?" என்றான் தேவராஜ்.

"கடலா? நாங்க போன வழியில கடல் இல்லியேப்பா!"

கோகிலவாணி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"போன வழி பூரா கடல்தான் தம்பி. இவருக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு."